பஞ்சாலை கழுவிய கார்

எதைக் கழுவுவதற்கு முன்பும் பஞ்சாலை அதை மோந்து பார்ப்பாள். மங்கானாலும் சரி, வாளியானாலும் சரி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, ஒரே ஒரு இழுப்பு. "நேத்து மழத்தண்ணி உளுந்திருக்கு", "இதுல எலி ஏறியிருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் தேங்காய் நாரைக் கையில் எடுப்பாள். அன்றைக்குத் துரையின் காரைத் திறந்து தலையை உள்ளே நீட்டியவள், அரை மூச்சிலேயே வெளியே வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பால்மரத்தடியில் குந்திவிட்டாள்.

மலாயாவில், லாபு ஊருக்கு உள்ளே தள்ளியிருக்கும் மூணாங்கட்டைத் தோட்டத்தில், ரப்பர்ப் பால் பிடிக்கும் மண்கோப்பைகளைக் கழுவுகிறவள் பஞ்சாலை. அந்தக் கோப்பைக்குத்தான் மங்கு என்று பெயர். நாளொன்றுக்கு முந்நூறு மங்கு அவள் கையில் புரளும். நாற்பது வயது, ஒடிசலான உடம்பு, பால் கறை ஏறிக் கறுத்துப்போன நகங்கள். புருஷன் வீரமுத்துவை "இந்தாய்யா" என்று அதட்டிக் கூப்பிடுகிறவள், அழுக்கோடு மட்டும் மிகவும் மரியாதையாகப் பேசுவாள். "போயிருங்க சாமி. நல்லபடியா சொல்றேன்ல, போயிருங்க" என்று கெஞ்சிக்கொண்டேதான் தேய்ப்பாள். பாதிக் கறை வெட்கப்பட்டே போய்விடும் என்று ஸ்டோர்ப் பெண்கள் சிரிப்பார்கள்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய் ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. ஜப்பான்காரன் தெற்கே இறங்குகிறான் என்று கேள்விப்பட்டதும், பழுதாகிக் கிடந்த கறுப்புக் காரை ரப்பர்ப் பாளம் காயவைக்கும் புகைக்கூடத்துக்குள் தள்ளிவிட்டு, லாரியில் ஏறிச் சிங்கப்பூர்ப் பக்கம் போனவர்தான். அதன் பிறகு அந்தக் காருக்குள் கோழிகள் குடியேறின. கோழிகளைத் தேடிப் பாம்பு வந்தது. பாம்பு போனதும் எலிகள் வந்தன. யாரோ ஒரு புண்ணியவான் மரவள்ளிக்கிழங்கு மூட்டையைப் பின்னிருக்கையில் பதுக்கி வைத்துவிட்டு மறந்தும் போனான். அது அழுகி, ஒழுகி, காய்ந்து, இருக்கையோடு இருக்கையாகிவிட்டது.

இந்தக் காரைத்தான் சிரம்பானில் இருக்கும் ஜப்பான் அதிகாரி கேட்டு அனுப்பியிருந்தான். அங்கிருந்து வந்த சீனத்து மெக்கானிக் இரண்டே நாளில் எஞ்சினை உறும வைத்துவிட்டான். ஆனால் உட்புறத்தை எட்டிப் பார்த்தவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அது தன் வேலையில்லை என்று சைகை காட்டிவிட்டான். வியாழக்கிழமை காலை அதிகாரி வந்து காரில் ஏறிப் போவான் என்று உத்தரவு. தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணி தம்பிராஜாவுக்கு வேர்த்துவிட்டது. போன மாதம் பக்கத்துத் தோட்டத்துக் கிராணி, வணக்கம் வைக்கத் தாமதித்ததற்காக வெயிலில் அரை நாள் கல்லைத் தூக்கிக்கொண்டு நின்ற கதையை அவர் கேட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை காலையிலேயே பஞ்சாலையை ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

தம்பிராஜா யாழ்ப்பாணத்துக்காரர். முழங்காலில் ஒட்டுப்போட்டிருந்தாலும் வெள்ளைக் கால்சட்டையை மடிப்புக் கலையாமல் போடுகிறவர். அவர் மேசையின் மேல் ஒரு தாள் இருந்தது. சயாமில் ரயில் பாதை போடப் போகவேண்டிய நாற்பது பேரின் பட்டியல். மூன்று மாத வேலை என்று சொல்லித்தான் முதல் கூட்டத்தைக் கொண்டுபோனார்கள். ஏழு மாதமாகிறது. ஆளும் வரவில்லை, ஒரு வரிக் கடுதாசியும் வரவில்லை. இந்த நாற்பதில் வீரமுத்துவும் ஒருவன்.

"ஐயா, அவருக்கு இழுப்புங்கய்யா. லயத்துலேருந்து கெணத்துக்குப் போயி வரவே நாலு வாட்டி நின்னு நின்னு வருவாருங்க" என்றாள் பஞ்சாலை.

"எனக்குத் தெரியாதே? வியாழன் காலமை பத்து மணிக்கு அவன் வாறான். அந்தக் காருக்குள்ளை நாத்தம் இருக்கக்கூடாது, ஊத்தை இருக்கக்கூடாது. அவன் முகஞ்சுளியாமல் ஏறிப் போனானெண்டால், உன்ர மனுசன்ர பேரை நான் வெட்டிப்போடுவன். இது எனக்கும் உனக்கும் உள்ள கதை."

பஞ்சாலைக்குக் கார் தெரியாது. அதில் ஏறியதும் இல்லை. ஆனாலும் பால்மரத்தடியில் கொஞ்ச நேரம் குமட்டிவிட்டு எழுந்து வந்தவள், அதை ஒரு பெரிய மங்காக நினைத்துக்கொண்டாள். வேறு வழியும் இல்லை. அவள் மனசுக்குள் வீரமுத்துவின் மூச்சு இழுக்கும் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

பக்கத்து வீட்டு மயிலம்மாள்தான் தானாக வந்து கைகொடுத்தாள். அண்ணி என்றுதான் பஞ்சாலை அவளைக் கூப்பிடுவாள். ரத்த உறவு ஒன்றும் கிடையாது, ஒரே லயத்தில் பதினெட்டு வருஷம் ஒட்டுச் சுவரோடு வாழ்ந்த உறவு. இருவருமாகக் கொத்துக் கரண்டியால் கோழி எச்சத்தைச் சுரண்டி அள்ளினார்கள். பதினோரு கூடை வந்தது. இருக்கையைக் கழற்றினால் அடியில் எலிக்குஞ்சுகள். மயிலம்மாளின் புருஷன் சன்னாசி, இரண்டு மண்ணெண்ணெய்த் தகரத்தைக் காவடியில் கட்டித் தண்ணீர் சுமந்து ஊற்றிக்கொண்டே இருந்தான். பேச்சில் அடங்காத மனுஷன்.

"என்னா தங்கச்சி, இந்தக் காருக்கு நலங்கா? என் கல்யாணத்துக்குக்கூட இம்புட்டுத் தண்ணி ஊத்தலலா."

"நீ வேற, சும்மா இருண்ணே. வேல கெடக்கு, ஊத்து" என்றாள் பஞ்சாலை. அவன் சொன்னதற்குச் சிரிக்கவும் செய்தாள்.

தோல் இருக்கைகளில் பூஞ்சை பச்சைப் பசேலென்று படர்ந்திருந்தது. மயிலம்மாள் சாம்பலை எடுத்ததும் பஞ்சாலை தடுத்துவிட்டாள். "இது மாட்டுத் தோலு அண்ணி. சாம்பல் பட்டா வெடிச்சிரும்." பாலை உறைய வைக்கும் ஆசிட் ஸ்டோரில் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஒரு வாளித் தண்ணீரில் ஒரே ஒரு மூடி விட்டு, அதில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தாள். பூஞ்சை வழிவிட்டது. இருக்கையின் மடிப்புகளுக்குள் ஒட்டியிருந்த கோழிப் பூமயிர் மட்டும் எதற்கும் அசையவில்லை. அதற்கு அவள் கண்டுபிடித்த வழியை வேறு ஊரில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். மரப்பட்டையில் பாதி காய்ந்து தொங்கும் ஒட்டுப்பாலை உரித்து உருட்டி, எலுமிச்சை அளவு உருண்டையாக்கி, மடிப்புக்குள் அழுத்தி அழுத்தி எடுத்தாள். மயிர், தூசி, பேன் எல்லாம் அந்தப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு வந்தன. "வாங்க, எல்லாரும் வாங்க. ஒருத்தரும் தங்கக்கூடாது" என்று அவற்றை அழைத்துக்கொண்டே அறுபது உருண்டை உருட்டினாள்.

புதன்கிழமை மதியத்துக்குள் நாற்றம் பாதி போயிற்று. எலுமிச்சை வாசமடிக்கும் செராய்ப் புல்லைக் கட்டுக்கட்டாக நசுக்கி இருக்கையின் அடியில் திணித்தாள். மயிலம்மாள் தன் மூன்று பெண்களின் தலைக்கு ஒளித்து வைத்திருந்த தேங்காய் எண்ணெயை, அரை போத்தல் இருக்கும், கொண்டுவந்து நீட்டினாள். அந்தக் காலத்தில் அது பொன்னுக்குச் சமம். வாங்கும்போது பஞ்சாலைக்குக் கை கூசியது, ஆனாலும் வாங்கிக்கொண்டாள். எண்ணெய் பூசியதும் தோல் பளபளத்தது.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. பின்னிருக்கையின் இடது பக்கம், அதிகாரி உட்காரும் இடத்திலேயே, எலி கடித்த ஒரு சாண் ஓட்டை. இருக்கையின் அடியில் கண்ணுக்குப் படாத இடத்திலிருந்து ஒரு துண்டுத் தோலை வெட்டி எடுத்து, கெட்டிப் பாலைத் தடவி அந்த ஓட்டையின் மேல் ஒட்டினாள். ஓரம் வெளுப்பாகத் தெரிந்தது. பாலில் செம்மண்ணும் அடுப்புக்கரியும் குழைத்து, தோலின் நிறம் வரும்வரை பார்த்துப் பார்த்து மேலே பூசினாள். ஒட்டு எது, இருக்கை எது என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த இரண்டு நாளில் முதல் தடவையாக நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மழை கொட்டியது. காற்றெல்லாம் ஈரம். வியாழன் விடிந்ததும் ஓடிப்போய் ஒட்டைத் தொட்டுப் பார்த்தாள். விரல் ஒட்டிக்கொண்டது. பரவாயில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். சீனத்து மெக்கானிக்கைக் கெஞ்சிக் காரை வெளியே தள்ளி, இடது கதவை வெயில் பக்கம் திறந்து வைத்தாள். பொழுது மரத்துக்கு மேலே ஏறினால் பத்து மணி. அதற்குள் காய்ந்துவிடும். கணக்குச் சரிதான். ஆனால் அது வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு.

ஜப்பான்காரன் வந்ததும் மலாயாவின் கடிகாரங்களையெல்லாம் டோக்கியோ நேரத்துக்கு ஏற்ப ஒன்றரை மணி முன்னால் தள்ளிவிட்டான். தோட்டத்தில் அந்த நேரத்துக்கு நடந்தது ஆபீஸ் கடிகாரம் ஒன்றுதான். பால் எப்போதும் போல இருட்டோடு வடிந்தது, வெயில் எப்போதும் போல ஏறியது, லயத்துச் சனங்கள் தங்களுக்குள் பழைய நேரத்தையே பேசினார்கள். கேட்டால் பஞ்சாலைக்கும் இது தெரியும். தேய்த்துத் தேய்த்தே கழிந்த இரண்டு நாளில் எவளுக்கு இதெல்லாம் ஞாபகம் வரும்?

வெயில் மரத்தின் இடுப்புக்குக்கூட வரவில்லை. செம்மண் பாதையில் லாரி வரும் சத்தம் கேட்டது. ஆபீசிலிருந்து தம்பிராஜா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஐயா, பத்து மணின்னீங்களே!"

"இப்ப பத்துத்தானடி!"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: ஆபீஸ் கடிகாரத்துப் பத்து மணி, லயத்துக்கு எட்டரை. முந்தானையால் விசிறினாள், வாயால் ஊதினாள். பால் அது பாட்டுக்கு மினுமினுத்துக்கொண்டிருந்தது.

அதிகாரி குள்ளமான ஆள். வெளுத்துக் கஞ்சி போட்ட உடுப்பு. எல்லாரும் இடுப்பை வளைத்துக் குனிந்தார்கள். அவன் காரைச் சுற்றி வந்தான். முன் இருக்கையின் மடிப்புக்குள் வெள்ளைக் கையுறை விரலை நுழைத்து இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். விரல் வெள்ளையாகவே இருந்தது. மூக்கைச் சுருக்கி மோந்தான். முகம் சுளிக்கவில்லை. தம்பிராஜா அடக்கியிருந்த மூச்சை விட்டார். அதிகாரி திறந்திருந்த இடது கதவுப் பக்கம் வந்து, ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தான்.

குனிந்திருந்த பஞ்சாலை நிமிரவில்லை. குனிந்தபடியே அவனுக்கும் இருக்கைக்கும் நடுவில் புகுந்து, வலது கையை விரித்து ஒட்டின் மேல் பொத்தினாள்.

"பாசா, துவான்! பாசா!" என்று கத்தினாள். பாசா என்றால் மலாயில் ஈரம், துவான் என்றால் ஐயா. இடது கையால் அந்தப் பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினாள். "சானா, துவான். சானா பாகுஸ்." அங்கே நல்லா இருக்கு என்று சொல்ல அவளிடம் இருந்த மலாய் அவ்வளவுதான்.

ஓங்கி ஓர் அறை விழுந்தது. காது அடைத்துப்போயிற்று. கை மட்டும் ஒட்டை விட்டு அசையவில்லை. அதிகாரி ஏதோ உறுமினான், அவள் கையைப் பார்த்தான், அடுத்த பக்கத்து இருக்கையைப் பார்த்தான். பிறகு பூட்ஸ் காலை வெளியே எடுத்து, காரைச் சுற்றிப் போய் வலது பக்கம் ஏறி உட்கார்ந்தான். கையுறையைச் சரி செய்துகொண்டு, எண்ணெய் பளபளத்த இருக்கையை ஒருமுறை தடவிப் பார்த்தான். மெக்கானிக் எஞ்சினை முடுக்கியபோதுதான் பஞ்சாலை கையைப் பிய்த்து எடுத்தாள். மேல்பூச்சு பாதி அவள் உள்ளங்கையோடு வந்துவிட்டது. கார் போயிற்று. லாரியும் பின்னாலேயே போயிற்று.

தம்பிராஜா சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். கார்ச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். கீழே ஏதோ எழுதினார்.

"சொன்ன சொல்லு தப்பமாட்டன், பஞ்சாலை. உன்ர மனுசன்ர பேரை வெட்டிப்போட்டன்."

அவள் காலில் விழப்போனாள்.

"நில்லு, நில்லு. நாப்பது நாப்பதாத்தான் நிக்கவேணும். அந்த இடத்திலை சன்னாசியைப் போட்டிருக்கிறன். நல்ல பெலசாலி, தாங்குவான். நாளைக்குக் காலமை எல்லாரையும் நிப்பாட்டிப் பெரட்டிலை பேர் வாசிக்குமட்டும் வாயைத் திறவாதை." சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஆபீசுக்குப் போய்விட்டார்.

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். அதை மறைத்து எழுதுவது அவளுக்குச் செய்யும் துரோகம். வீரமுத்து லயத்திலேயே இருப்பான், இழுத்து இழுத்தாவது மூச்சு விடுவான். அந்த நினைப்பு நெஞ்சில் ஏறி நிற்பதற்குள், பின்னாலிருந்து சன்னாசியின் பெயர் வந்து மோதியது. நாற்பது என்ற எண்ணை இந்த இரண்டு நாளும் அவள் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. வெட்டினால் முப்பத்தொன்பது என்று யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மயிலம்மாள் லயத்திலிருந்து தலைதெறிக்க ஓடிவந்தாள். பஞ்சாலையின் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருப்பதைப் பார்த்து, "பாவி, கை வெளங்குமா அவனுக்கு" என்று திட்டினாள். அப்படியே அவளைப் பிடித்து மரத்தடியில் உட்கார வைத்தாள்.

"கிராணி என்னாடி சொன்னாரு? வெட்டிட்டாரா?"

பஞ்சாலை தலையை ஆட்டினாள்.

"எங்க மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா! அப்பறம் ஏன்டி இப்பிடி ஒக்காந்திருக்கே? உம் புருஷன் பொழச்சுட்டாருலா! இரு, எங்க வீட்டுக்காரரு தண்ணிக்குப் போயிருக்காரு, வரட்டும், சொன்னா குதிப்பாரு." மயிலம்மாள் பேசிக்கொண்டே அவள் வலது கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "கையப் பாரு, எப்பிடி அப்பிக் கெடக்கு. நீட்டுடி, உருட்டி எடுக்கறேன்."

பஞ்சாலை விரல்களை மடக்கிக்கொண்டாள். பால் பிசுக்கில் விரலோடு விரல் ஒட்டிக்கொண்டது. மயிலம்மாள் பொறுமையாக ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள். பிரிக்கப் பிரிக்க, பஞ்சாலை அவள் முகத்தைப் பார்க்காமல், கையை மறுபடியும் மறுபடியும் இறுக்கி மூடிக்கொண்டே இருந்தாள்.