ருசி பார்த்த கொப்பி

எங்கள் பள்ளிக்கூட அலுவலக அறையில் நீல மட்டை போட்ட ஒரு கொப்பி இருக்கிறது. அதன் முதுகில் நூல் கட்டிப் பேனையைத் தொங்கவிட்டிருக்கிறோம். தினமும் காலையில், பிள்ளைகளின் சாப்பாட்டைச் சமைக்கிற தாய் ஒருவர் அன்றைய சோற்றையும் கறியையும் ஒரு தட்டில் போட்டு, இன்னொரு தட்டால் மூடிக் கொண்டுவந்து வைப்பார். அன்று முறைக்குரிய ஆசிரியர் அதைச் சாப்பிட்டுப் பார்த்து, நேரத்தை எழுதி, 'ருசி பார்த்தேன், நன்று' என்று கையெழுத்து வைக்க வேண்டும். அதன் பிறகு அரை மணித்தியாலம் கழித்துத்தான் பிள்ளைகளுக்குப் பரிமாறலாம். அந்த அரை மணித்தியாலம் எதற்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஏதாவது நடப்பதென்றால் முதலில் ஆசிரியருக்கு நடக்கட்டும் என்பதுதான்.

நான் பயந்தாங்கொள்ளி. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது வேறு இருக்கிறது, அதைத்தான் சொல்ல வருகிறேன். பயம் வந்தால் மற்றவர்களுக்கு நா ஒட்டிக்கொள்ளும், எனக்கோ வாய் நீளும். ஒரு பிள்ளை கொய்யா மரத்தில் ஏறிவிட்டால் முதலில் கீழே நின்று ஏசுவேன், பிறகுதான் இறக்குவேன். வகுப்பறையின் பின் ஜன்னலைத் திறந்தால் வாவி தெரியும். எங்கள் பக்கத்தில் அதை ஆறு என்றுதான் சொல்வோம். அந்த ஜன்னல் பக்கம் ஒரு பிள்ளை போனாலே கத்திவிடுவேன். அதனால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் நான் கோபக்கார டீச்சர். அது கோபமில்லை என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

அன்று கௌரி விரதத்தின் பதினோராம் நாள், ருசி பார்க்கும் முறையும் என்னுடையது. விரத காலத்தில் எனக்குப் பின்னேரம் ஒருவேளைச் சாப்பாடுதான். என் முறை வரும் நாட்களில் பக்கத்து வகுப்பு டீச்சர் எனக்காக ருசி பார்ப்பார். ஆனால் அந்தக் கிழமை முழுதும் எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அலுமாரிப் பூட்டின் திறப்பை யார் தொலைத்தது என்று ஒரு சண்டை. திறப்பு அவருடைய கைப்பையில்தான் இருந்தது, அது இப்போது முக்கியமில்லை. போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சாப்பிட்டுப் பார்த்திருப்பார். கேட்க எனக்கு மனம் வரவில்லை.

சமைக்கிற தாய் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அவருக்கு முப்பது வயதுகூட இராது. கணவர் விதைப்புக்காக வயல் வட்டையில் தங்கியிருந்தார். ஒரே மகள் என்னுடைய இரண்டாம் வகுப்பில் படித்தாள்.

"டீச்சர், இண்டைக்கு மரவள்ளிக்கிழங்குக் கறி. கிரான் பக்கம் சேனைப்பயிர் செய்யிற ஒரு தகப்பன் சாக்கோட கொண்டந்து தந்தவர். நல்லா மாவா அவிஞ்சிருக்கி, தின்னு பாருங்க" என்றார்.

"வைங்க, பார்க்கிறன்" என்றேன்.

அவர் போனதும் கொப்பியில் நேரத்தை எழுதினேன். 'ருசி பார்த்தேன், நன்று.' கையெழுத்தும் வைத்தேன். தட்டைக் கொண்டுபோய்க் கட்டடத்தின் பின்னால் மதில் ஓரமாகக் காகத்துக்குக் கொட்டினேன். ஒரு காகம் வந்து தலையைச் சரித்துப் பார்த்தது. அதற்கு மேல் நான் நிற்கவில்லை.

பிள்ளைகள் நீள வாங்கில் வரிசையாக இருந்து சாப்பிடத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தத் தாயின் மகள் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், கைக்கிது."

கசக்கிறது என்பதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். நான் தட்டை எட்டிப் பார்த்தேன். வெள்ளைக் கிழங்கு, மஞ்சள் குழம்பு, பார்க்க ஒரு பிழையும் இல்லை. ஆனால் கையெழுத்து வைத்தவள் நான் என்ற நினைப்பு உள்ளே குத்தியது. குத்தியதும் வாய் நீண்டுவிட்டது.

"உங்கட அம்மா சமைச்சது. நீயே இப்படிச் சொன்னா மற்றப் பிள்ளைகள் தின்னுவாங்களா? ஒரு துண்டும் மிச்சம் வைக்கப்படாது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

அவள் அம்மா சமைக்கும் கொட்டில் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஒவ்வொரு துண்டாக எல்லாவற்றையும் தின்று முடித்தாள். தட்டைத் தூக்கி எனக்குக் காட்டினாள். நான் கெட்டிக்காரி என்றேன்.

அன்று ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள். வகுப்புக்குக் கொடுக்கச் சொல்லி வீட்டிலிருந்து பிஸ்கட் அனுப்பியிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் பைக்கற்றைப் பிரித்து ஆளுக்கு இரண்டாக என் கையால்தான் கொடுத்தேன். தட்டு எடுக்க வந்த தாய் மேசையில் கிடந்த வெறும் பைக்கற்றைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"டீச்சர், இஞ்சி பிஸ்கட்டா குடுத்தீங்க?"

மரவள்ளிக்கிழங்கும் இஞ்சியும் ஒரே நாளில் வயிற்றுக்குள் போகக் கூடாது, போனால் நஞ்சு. இது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் தெரிந்தது. மரவள்ளி அவித்த நாளில் இஞ்சி போட்டுத் தேத்தண்ணீர்கூட ஊற்ற மாட்டார்கள். நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவள், விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். "அதெல்லாம் சும்மா கதை" என்று அவரிடம் சொன்னேன். ஆனால் பிறந்த நாளிலிருந்து இன்றுவரை நானும் அவை இரண்டையும் ஒரே நாளில் தின்றதில்லை.

"நீங்களும் தின்னீங்கதானே டீச்சர்? கிழங்கு நல்லாத்தானே இருந்த?"

"ஓம்" என்றேன்.

அதன் பிறகு நான் பாடம் நடத்தவில்லை. கூட்டல் கணக்கு எழுதிப் போட்டுவிட்டு முகங்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு பிள்ளை கொட்டாவி விட்டால் எனக்குத் திக்கென்றது. ஒருவன் வயிற்றைச் சொறிந்தான், சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். அந்த மகள் தலையை மேசையில் வைத்துப் படுத்தாள். கிட்டப் போய் நெற்றியைத் தொட்டேன், குளிர்ந்து ஈரமாக இருந்தது. என்ன செய்கிறது என்று கேட்டேன். "ஒண்டும் இல்ல டீச்சர்" என்றாள். அந்த வாய் எதையாவது சொன்னால் ஏச்சு விழும் என்று நான்தானே பழக்கியிருந்தேன்.

திடீரென்று காகத்தின் நினைப்பு வந்தது. பின்பக்கம் ஓடினேன். செத்த காகம் எதுவும் கிடக்கவில்லை, ஒரு நிமிடம் மூச்சு வந்தது. பிறகு நிலத்தைப் பார்த்தேன். சோறு ஒரு பருக்கை இல்லாமல் போயிருந்தது. கிழங்குத் துண்டுகள் மட்டும் அப்படியே கிடந்தன. ஒன்றில் அலகால் கொத்திய அடையாளம் இருந்தது. கொத்திப் பார்த்துவிட்டு விட்டிருக்கிறது. நான் செய்திருக்க வேண்டியதைக் காகம் செய்திருக்கிறது.

வகுப்புக்குத் திரும்பியபோது அவள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். எழுப்பி நிறுத்தினால் கால் தள்ளாடியது.

அதற்குள் கதை வேலியைத் தாண்டிவிட்டது. பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு பெண்ணின் பதறிய குரல்: "பள்ளிக்கூடத்தில மரவள்ளிக் கறிக்கு இஞ்சி போட்டுச் சமைச்சுக் குடுத்திட்டாவாம். புள்ளைகள் மயங்கி விழுதாம்." பிஸ்கட் கொடுத்த டீச்சரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை, சமைத்த தாயைப் பற்றித்தான் இருந்தது. தகப்பன்மார் வட்டையில் நின்றதால் தாய்மார்தான் வந்தார்கள், வீட்டு உடுப்போடு, சைக்கிளிலும் நடையிலும். வாசல் படலையைப் பிடித்து உலுக்கிப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அந்தச் சத்தத்துக்கே நாலைந்து பிள்ளைகள் வயிறு வலிக்கிறது என்று அழத் தொடங்கின. அதிபர் கோட்டக் கல்வி அலுவலகத்தில் கூட்டத்தில் இருந்தார். போனில் கூப்பிட்டேன். "உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க, நான் நேர அங்க வாறன்" என்றார். பக்கத்து வகுப்பு டீச்சர் படலைக்குப் போய்த் தாய்மாரைச் சமாளித்தார். என்னிடம் வந்து, "நீ போ, நான் இஞ்ச பாக்கிறன்" என்றார். அந்தக் கிழமையில் அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஓட்டோவில் நானும் அந்தத் தாயும் இருந்தோம். மகள் எங்கள் இருவர் மடியிலும் கிடந்தாள், தலை அவர் மடியில், கால் என் மடியில். ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது மழை பிடித்துவிட்டது. தாய் மகளின் முகத்தைப் பார்ப்பார், பிறகு என் முகத்தைப் பார்ப்பார்.

"டீச்சர், உங்களுக்குத் தலை சுத்துதா?"

"இல்ல."

"வயித்தப் பிரட்டுதா?"

"இல்ல."

"அப்ப ஒண்டும் வராது. நீங்கதானே முதல் தின்னீங்க. இருந்தா உங்களுக்குத்தானே முதல் செய்யும். புள்ளைக்கு வேற என்னவோதான்."

இதையே அவர் வழி நெடுகத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்து, நான் நன்றாக இருப்பதைக் கண்டு, தனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டார். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். எப்போதும் நீளுகிற வாய், அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர், யாழ்ப்பாணத்துப் பேச்சு. கண்ணை விரித்துப் பார்த்தார், நாடி பிடித்தார். தாய் இஞ்சி பிஸ்கட் கதையைச் சொல்லி அழுதார்.

"இஞ்சியை விடுங்கோ அம்மா, இஞ்சியாலை ஒண்டும் வராது. கிழங்கு கைச்சதோ? சில கிழங்கிலை நஞ்சு கூடுதலா இருக்கும், கைப்பிலைதான் தெரியும். ஆராவது முதல் சாப்பிட்டுப் பார்த்தவையோ?"

"ஓம், டீச்சர் தின்னவ. அவவுக்கு ஒண்டும் இல்ல. கைக்கவும் இல்லயாம்" என்று தாய் என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். சாட்சிக்கு ஆள் கொண்டுவந்த நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

டொக்டர் என்னைப் பார்த்தார். "அப்ப இது கிழங்காலை இல்லாமலும் இருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே எழுதப் போனார்.

அந்தப் பேனையைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. என் பொய் கொப்பியை விட்டு இறங்கி, ஓட்டோ ஏறி, இந்தப் பிள்ளையின் மருந்துச் சீட்டு வரைக்கும் வந்துவிட்டது.

"நான் தின்னல்ல டொக்டர். விரதம். தின்னாமல் கையெழுத்து வைச்சிட்டன். புள்ள கைக்குது எண்டு சொன்னவ. நான்தான் ஏசித் தின்ன வைச்சனான்."

டொக்டர் எழுதியதை வெட்டிவிட்டுத் தாதியைக் கூப்பிட்டார். பிறகு எல்லாம் விரைவாக நடந்தது, திரையை இழுத்து மூடினார்கள்.

தாய் என் கையை விட்டுவிட்டார். உதறவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். வாங்கின் மற்ற முனைக்குப் போய் இருந்தார். சுவரைப் பார்த்துச் சொன்னார்: "நான் உங்கட முகத்தப் பாத்துத்தான் டீச்சர் மனசத் தேத்திக்கிட்டு வந்தன்."

பிள்ளை பிழைத்தாள். அடுத்த நாள் பின்னேரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தச் சாக்கில் ஒன்றிரண்டு கிழங்கு கசப்பாக இருந்திருக்க வேண்டும், அவளுடைய தட்டில் அது கூடுதலாக விழுந்துவிட்டது என்றார்கள். வயிறு வலித்த மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றும் இருக்கவில்லை. விரதத்தை நான் அன்றோடு விட்டுவிட்டேன். கடைசி நாளில் எந்த முகத்தோடு கோயிலில் காப்புக் கட்டுவது?

திங்கட்கிழமை பெற்றோர் கூட்டம். சமைக்கிற தாயை மாற்ற வேண்டும் என்று ஒரே சத்தம். அவர் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார், என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. நான் எழுந்து நின்று பிஸ்கட் கொடுத்ததையும், தின்னாமல் கையெழுத்து வைத்ததையும், அந்தப் பிள்ளை சொன்னதையும் சொன்னேன். எனக்கு விழ வேண்டிய ஏச்செல்லாம் விழுந்தது. அதிபர் விளக்கக் கடிதம் கேட்டார், எழுதிக் கொடுத்தேன். சமையல் அந்தத் தாயிடமே இருந்தது, வேறு யாரும் சமைக்க முன்வராததும் அதற்கு ஒரு காரணம்.

இப்போது ருசி பார்க்க முறை ஒன்றும் இல்லை. தினமும் நான்தான், நானே கேட்டு வாங்கியது. தாய் தட்டை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விடுவார். அவர் போனதும் அலுவலக வாசலில் மகள் வந்து நிற்பாள். அவளை யாரும் அனுப்புவதில்லை. நான் முதல் வாயை எடுத்து, மென்று, விழுங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"கைக்கிதா டீச்சர்?" என்று கேட்பாள்.

அவள் கேட்கிற ஒவ்வொரு நாளும் எனக்குப் பயமாக இருக்கிறது. இல்லை என்று சொல்வதற்கு முன்னால் இன்னொரு வாய் சாப்பிட்டுப் பார்க்கிறேன்.