தேயிலைத் தூரில் மாட்டிய நங்கூரம்

சாயங்காலமானால் மஸ்கெலியா நீர்த்தேக்கத்தின் கரையில் நாலைந்து பேர் நிற்பார்கள். மீன் பிடிக்க அல்ல, மீன் பிடிப்பவனுக்குப் புத்தி சொல்ல. அவர்களிடமிருந்து தப்பிக்கத்தான் நான் கயாக் வாங்கினேன்.

பேசக் கூச்சப்படுகிறவனுக்கு, சுவரோடு சுவர் ஒட்டிய தோட்டத்து லயத்து வாழ்க்கை ஒரு தண்டனை. இந்த வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டிலிருந்து ‘நூறு’ என்று குரல் வரும். நான் வேலை செய்யும் தேயிலைத் தொழிற்சாலையிலோ, இயந்திரச் சத்தத்தையும் மீறி யாராவது எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஏரிக்கரை ஹோட்டல் ஒன்று படகுச் சவாரியை நிறுத்தியபோது, வெயிலில் வெளுத்துப்போன மஞ்சள் கயாக் ஒன்றை விலைக்குப் போட்டார்கள். அதில் ஒருவர் மட்டும்தான் உட்காரலாம். எனக்கு அது போதுமாக இருந்தது.

நடுத்தண்ணீரில் எனக்கென்று ஓர் இடம் பார்த்துக்கொண்டேன். மீனும் கிடைக்கும், ஒரு குரலும் எட்டாது. ஆனால் பின்னேரம் மலையிலிருந்து காற்று இறங்கியதும் கயாக் தானாக நகர்ந்து, நேரே அந்த நாலைந்து பேரின் காலடியில் போய் நிற்கும். அவர்களுக்குத் தலைவர் ஓய்வுபெற்ற கண்டாக்கையா. வேலைக்காலமெல்லாம் தேயிலை மலையில் மேற்பார்வை என்று ஆட்களை விரட்டியவர். இப்போது விரட்ட ஆளில்லாததால் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“என்னப்பா, மீனு கெடைக்கலையா? நான் அப்பவே சொன்னேன்ல?”

எப்போது சொன்னார் என்று கேட்க எனக்கு வாய் வராது. அதனால் ஒரு நங்கூரம் தேவைப்பட்டது.

டவுன் இரும்புக் கடையில் மெதுவாகத்தான் கேட்டேன். கடைக்காரர் கடை முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னார்.

“நங்கூரமா? கடலு எதுவரைக்கும் வந்திருக்குண்ணே? சொல்லியிருந்தா நாங்களும் பாக்க வந்திருப்போமே!”

ஆணி வாங்க வந்தவர்கூடச் சிரித்தார். நான் கயிறு மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். உரப் பையில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தேன். அது சேற்றில் வழுக்கி, என்னோடு சேர்ந்து கரைக்கே வந்தது.

இதை என் தங்கை தன் கணவரிடம் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை கொழும்பில் போன் கடை வைத்திருக்கிறார். தெரியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து இதுவரை யாரும் கேட்டதில்லை. அடுத்த வாரமே ஒரு நங்கூரம் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. வெள்ளிபோல மின்னியது. குடை மாதிரி மடங்கி விரியும் நாலு கைகள். பின்னாலேயே அவருடைய போன்.

“மச்சான், இது ஆழ்கடல்லயே புடிக்கும். வீடியோவெல்லாம் பாத்துத்தான் வாங்குனேன். ஒங்க குட்டைக்கு இதெல்லாம் ரொம்ப அதிகம். கயித்த சீட்டுக்குப் பக்கத்துலயே கட்டிக்கிடுங்க, கைக்கு லேசா இருக்கும்.”

காலிமுகத்திடலில் இறால் வடை தின்றபடி பார்த்ததுதான் அவருக்குத் தெரிந்த கடல். இருந்தாலும் சொன்னபடியே கட்டினேன். மறுத்துப் பேசுவதைவிட அது சுலபம்.

முதல் நாள் நங்கூரம் அருமையாகப் பிடித்தது. காற்று வந்தும் கயாக் அசையவில்லை. கரையில் கண்டாக்கையா கையை ஆட்டி ஏதோ சொல்வது தெரிந்தது, கேட்கவில்லை. அப்படி ஒரு சுகத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

பிறகு காற்று பலத்தது. கயிறு பக்கவாட்டில் இழுத்ததால் கயாக் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அலை உள்ளே வர ஆரம்பித்தது. நங்கூரத்தைத் தூக்கப் பார்த்தேன். வரவில்லை. அந்தத் தண்ணீருக்கடியில் இருப்பது பழைய தேயிலை மலை. அணை கட்டியபோது ஊரோடும் கோயிலோடும் சேர்த்து மூழ்கியது. இது கரையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நங்கூரம் என்ற பேச்சு வந்தபோது ஒருவருக்கும் நினைவு வரவில்லை. கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டிய தேயிலைத் தூர் விரித்த கையைப் போல இருக்கும். நாலு கை நங்கூரம் போய் அதோடு கைகோத்துக்கொண்டது.

நான் தத்தளிப்பது தெரிந்ததும் கரையில் இருந்தவர்களுக்கு உயிர் வந்தது. கத்தினால் எட்டும் தூரம்வரை தண்ணீருக்குள் இறங்கி வந்தார்கள்.

“இழு! நல்லா இழு!”

“இழுக்காதப்பா, கவுந்துரும்! விட்டுப் புடி!”

“எதிர்ப்பக்கம் சாஞ்சு ஒக்காரு! நான் அப்பவே சொன்னேன்ல!”

ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். “அண்ணே, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க!”

மீன் வெட்டும் கத்தியால் கயிற்றை அறுத்தேன். கயாக் வழக்கம்போல அவர்களின் காலடிக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அன்று நான் கேட்ட புத்திமதிகள் ஒரு தோட்டத்துக்கே போதும்.

அதன்பிறகு வெல்டிங் கடையில் மெல்லிய கம்பிகளை வளைத்து ஒட்டி ஒன்று செய்துகொண்டேன். பார்க்கக் காற்றில் பிய்ந்த குடை. வீரம் எல்லாம் அதற்குக் கிடையாது. முரட்டுத்தனமாக இழுத்தால் கைகள் நிமிர்ந்து விட்டுக்கொடுத்துவிடும். பிறகு மிதித்து வளைத்துக்கொள்ளலாம். அது அடியில் படுத்துப் பிடிக்க ஒரு முழம் சங்கிலி. கயாக்கின் மூக்கிலும் வாலிலும் வளையம் வைத்து, சுற்றி ஓடும்படி ஒரு கயிறு கோத்தேன். நங்கூரக் கயிற்றை இருந்த இடத்திலிருந்தே மூக்குவரை தள்ளிவிட்டால், படகு காற்றைப் பார்த்து நிற்கும், சாயாது. கயிற்றின் நுனியில் ஒரு காலிக் கேன். அவசரமென்றால் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போகலாம், கேன் மிதந்து இடத்தைக் காட்டும்.

அந்தப் பருவம் முழுக்க ஒருவர் குரலும் என்னை எட்டவில்லை. மாப்பிள்ளை மட்டும் போனில் கேட்பார்.

“எப்படி மச்சான், புடிக்குதா?”

“நல்லா புடிக்குது மாப்புள.”

அதில் பொய் ஒன்றும் இல்லை.

பிறகு மழை பொய்த்தது. தண்ணீர் வற்ற வற்றப் பழைய கோயில் வெளியே வந்தது. ஹட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் வேன் வேனாக ஆட்கள் வந்தார்கள். முழுகிப்போனதை ஐம்பது வருடமாக மறந்திருந்தவர்கள், அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தனியாக உட்கார்ந்திருக்க நான் அவ்வளவு பாடுபட்ட இடத்தில், இப்போது ஒருவர் அடுப்பு வைத்துச் சோளம் அவித்து விற்றார். கண்டாக்கையா வேன்களுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையும் குடும்பத்தோடு வந்தார். வெடித்த சேற்றில், கறுத்த தூர்களுக்கு நடுவே வெள்ளியாக ஏதோ மின்னுவதை அவர்தான் முதலில் கண்டார்.

“மச்சான்! இது நம்ம நங்கூரமில்ல?”

அறுந்த கயிறு அதில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் தரையைப் பார்த்தேன். அவர் குனிந்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. முகமெல்லாம் பல்லாக நிமிர்ந்தார்.

“பாத்தீங்களா, இன்னமும் விடல! தண்ணியே போயிருச்சு, இது போகல பாருங்க! நான்தான் சொன்னேன்ல?”

சோளம் தின்றுகொண்டிருந்தவர்கள் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் முறுக்கிக் கழற்றி, அதை என் கையில் கொடுத்துப் படமும் எடுத்தார்கள். மாப்பிள்ளை என் தோளில் கை போட்டிருந்தார். என் கம்பி நங்கூரத்தைப் பற்றிக் கண்டாக்கையா அதற்குள் அவரிடம் சொல்லிவிட்டிருந்தார்.

“இனிமே இதையே போடுங்க மச்சான். அந்தக் குடைக்கம்பியத் தூக்கி எறிங்க.”

“சரி மாப்புள.”

வேன்கள் போய், அடுப்பும் அணைந்த பிறகு நான் அங்கே திரும்பிப் போனேன். முன்பு மாட்டியிருந்ததைவிடப் பெரிய தூர் ஒன்றைத் தேடிப் பிடித்து, நங்கூரத்தின் நாலு கைகளையும் விரித்து நன்றாக மாட்டினேன். ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

இனி மழைதான் வர வேண்டும்.