மாடுகளின் பெயர் தெரிந்த துரை

"எங்கட துரை மோசம் போயிட்டாராம்" என்று லண்டன் ரெய்னர்ஸ் லேனிலிருந்து தமிழ்ப் பள்ளிக்கூடச் செயலாளர் தொலைபேசியில் சொன்னபோது நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். சாவுச் செய்தியைச் சொல்லிவிட்டு அவர் அழுதார். நான் அழவில்லை. செதில் ஒட்டிய கையோடு, "எப்ப?" என்று மட்டும் கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமை விடியப்புறம். நினைவு மலர் ஒண்டு போடுறம். நீங்கள் அவரோட வேலை செய்த ஆள், நல்லதா நாலு வரி எழுதித் தாங்கோ."

எழுதுகிறேன். நல்லதாக வருமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

துரை என்று நாங்கள் கூப்பிட்ட ஹென்ட்ரிக் என்ற இந்த ஒல்லாந்து வியாபாரியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். சுமத்திராவில் ஓர் ஒல்லாந்துக் குடும்பத்துக்கு இருந்த புகையிலைத் தோட்டத்தை இளம் வயதில் நிர்வகித்தவர். இந்தோனேசிய அரசு தோட்டத்தை எடுத்துக்கொண்ட பிறகு, அதே குடும்பத்துக்காக லண்டனில் புகையிலையும் மிளகும் கறுவாவும் வாங்கி விற்றார். தோட்டம் கைவிட்டுப் போய் முப்பது வருடமாகியும் "என் தோட்டம்" என்றுதான் சொல்வார். அது ஒருநாளும் அவருடையதாக இருந்ததில்லை. சொந்தக்காரர்கள் ஒல்லாந்தில் சுகமாக இருந்தார்கள்.

எண்பத்தைந்தில் நான் அகதியாக வந்து அவருடைய அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள், "டேய், இங்கே வா. கதவைச் சாத்து" என்றார். தமிழில்! என் கண் கலங்கிவிட்டது. ஊரைவிட்டு வந்த சில மாதங்களில் ஒரு வெள்ளைக்காரர் வாயிலிருந்து தமிழ் வந்தால் யாருக்குத்தான் கலங்காது? அந்த 'டேய்' எனக்கு உறைக்க ஒரு வாரம் பிடித்தது. தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டிய தமிழ்க் கூலிகளை ஏவுவதற்காகப் பழகிய தமிழ் அது. அவருடைய அறையில் இரண்டாவது நாற்காலி ஒன்று இருந்தது. நான் வேலையை விடும்வரை அதில் என்னை இருக்கச் சொன்னதில்லை.

ஒருமுறை பொதி கட்டும் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். மறுநாள் காலை அவருடைய இடத்தில் புதிய ஆள் நின்றார். என்ன இது என்று கேட்டேன். "ஆள் கிடைக்கும். நல்ல மாடுதான் கிடைக்காது" என்று சொல்லிவிட்டுக் கோப்பியைக் குடித்தார்.

எங்கள் சனத்துக்கு வெள்ளைக்காரர் தமிழ் பேசினால் போதும், தலையில் தூக்கிவைத்து ஆடுவோம். ஈஸ்ட் ஹாமில் பொங்கல் விழாவுக்கு இவரைப் பிரதம விருந்தினராக அழைத்து மாலையும் பொன்னாடையும் போட்டோம். மேடையில் அவர் தோட்டத்து வண்டிமாடுகளின் பெயர்களை ஒன்றுவிடாமல் சொன்னார். மயிலை, செவலை, கொம்பன், காரி, சடையன். மண்டபம் கைதட்டி ஓயவில்லை. முன்வரிசையில் இருந்த டாக்டர் ஒருவர், "என்ன ஞாபகசக்தி!" என்று உருகிப்போனார்.

என்னோடு வந்திருந்த மாரிமுத்து அண்ணை மட்டும் கைதட்டவில்லை. அவர் ஃபாரஸ்ட் கேட்டில் எனக்குப் பக்கத்து அறைக்காரர். பினாங்கில் வளர்ந்தவர், இங்கே பஸ் டிப்போவில் வேலை. அவருடைய அப்பா சுப்பன் சுமத்திராவுக்கு வண்டி ஓட்டப் போனவர். இவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே அங்கே இறந்துவிட்டார். பினாங்கில் இருந்த தாய்க்குச் செய்தி மட்டும் வந்தது, இறந்த நாள் தெரியவரவில்லை. நாள் தெரியாமல் திதி கொடுப்பது எப்படி? எல்லோருக்கும் பொதுவான ஆடி அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வருவார். பெற்ற தகப்பனுக்கென்று ஒரு நாள் இல்லையே என்பது அவருக்கு ஆறாத குறை. அப்பாவின் வண்டியில் பூட்டிய மாடு சடையன் என்று தாய் அடிக்கடி சொல்லியிருக்கிறார்.

விழா முடிந்ததும் தேநீர் மேசையடியில் துரைக்கு முன்னால் போய்க் கைகட்டி நின்றார். "ஐயா, சடையன் வண்டிய ஓட்டுன சுப்பன ஞாபகம் இருக்குங்களா?"

துரையின் முகம் மலர்ந்தது. "சடையனா! நல்ல மாடு. மழை. பாலம் உடைஞ்சது, வண்டி கீழே போச்சு. கால் முறிஞ்சது. நான்தான் சுட்டேன்." சொல்லும்போது அவருடைய கண்ணில் தண்ணீர் நின்றது.

"வண்டிக்காரரு?"

"அவனும் போனான்."

"பேரு சுப்பன்ங்க."

"எத்தனையோ பேர்" என்று துரை கேக் துண்டொன்றை எடுத்தார். "ஆனா சடையன்… அன்றைக்கு எங்கள் அரசி பிறந்தநாள். பெரிய விருந்து. என் வெள்ளைக் கோட்டு எல்லாம் ரத்தம். ஜெர்மன்காரன் எங்கள் நாட்டுக்குள் வர முந்தின வருஷம்."

அந்தக் கேக்கை அவருடைய முகத்திலேயே அப்பியிருப்பேன். மாரிமுத்து அண்ணை என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். "தம்பி, நாள் கெடச்சிருச்சு" என்றார்.

அந்த அரசி பிறந்தது ஆகஸ்ட் முப்பத்தொன்று, ஜெர்மன்காரன் ஒல்லாந்துக்குள் வந்தது நாற்பதில் என்று நூலகத்தில் பார்த்தேன். கோயில் ஐயர் முப்பத்தொன்பதாம் வருடத்துப் பழைய பஞ்சாங்கம் தேடிப் பார்த்துத் திதியைச் சொன்னார். அந்த வருடம் முதல்முறையாகச் சுப்பனுக்கென்று இலை போட்டு, சுப்பன் என்று பெயர் சொல்லிப் பிண்டம் வைத்தார்கள். ஐம்பது வயது மனிதர் குழந்தை மாதிரி விம்மி அழுதார். அவரைப் பார்த்து நானும் அழுதேன்.

மாரிமுத்து அண்ணை இப்போது ஓய்வு பெற்று தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிறார். துரை போன செய்தியை நேற்று அவருக்குச் சொன்னேன். "எந்த நாளு?" என்று கேட்டார்.

"ஏன் அண்ணை?"

"அந்தாளுக்குப் புள்ளகுட்டி இல்ல தம்பி. நான் ஒரு பிடி பிண்டம் வச்சிடுறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்கட அப்பான்ர பேரே ஞாபகமில்லாத மனுசனுக்கோ?"

"நாள் குடுத்தாருல்ல" என்றார்.

நாளைச் சொன்னேன். மலரைப் படிப்பவர்கள் துரையின் தமிழை வைத்துக்கொள்ளுங்கள், பொன்னாடை போர்த்திய படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். மாரிமுத்து அண்ணையின் மனம் எனக்கு வராது. அந்த மனிதரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது கோபம் ஒன்றுதான், அதை நான் விடப்போவதில்லை. மகனே மன்னித்துவிட்டார். சுப்பனுக்காகக் கோபப்பட இனி என்னைவிட்டால் ஆளில்லை.