ஹைப்போவோடு வந்தவர்

என் அத்தை, அப்பாவுக்கு ஒரே அக்கா, ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். காதில் ஒரு கருவி, எதிரே துளைகள் நிறைந்த பலகை, கையில் ஒயர்கள். ஊரில் பாதிப் பேருடைய நம்பர் அவளுக்கு மனப்பாடம். அலறியடித்துக்கொண்டு போன் செய்கிறவர்கள்கூட அவள் குரலைக் கேட்டதும் கொஞ்சம் நிதானத்துக்கு வந்துவிடுவார்கள். அவளுக்கு நாற்பத்தோரு வயது. எங்களோடுதான் இருந்தாள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்கள் எல்லாம் கேட்டுக் களைத்து ஓய்ந்திருந்தார்கள். அது அவளுக்குப் பெரிய நிம்மதி.

மீன்தொட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது குழந்தைகள் வார்டு டாக்டரம்மா மாற்றலாகிப் போனபோது. மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி, அதில் ஆறு தங்கமீன்கள். "உன்கிட்ட கொடுத்தா பதறாம பாத்துக்குவே" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அத்தை மீன்களுக்கு ஆஸ்பத்திரி இணைப்புகளின் பெயரையே வைத்தாள். வயிறு உப்பியது லேபர் ரூம். கறுப்பு, எக்ஸ்ரே. எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது கேஷுவாலிட்டி. முன்னறை மூலையில் காற்று மோட்டார் நாள் முழுக்க கொர்ரென்று ஓடும். அந்தச் சத்தம் நின்றால்தான் எங்களுக்கு முழிப்பு வரும் என்கிற அளவுக்குப் பழகிவிட்டது.

முதல் விபத்து அப்பாவால் வந்தது. அவர் டைப்ரைட்டர் மெக்கானிக். வேலையில் அளவு தப்பாது, ஆனால் மனசு தாராளம். அத்தை மூன்று நாள் வெளியூர் போனபோது, பாவம் பசிக்குமே என்று வேளாவேளைக்கு ஒரு பிடி தீவனம் போட்டார். அத்தை திரும்பி வந்தபோது தண்ணீர் பால்போல் கலங்கி, நாற்றம் அடித்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அத்தை யாரையும் திட்டவில்லை. டாக்டரம்மாவுக்கு டிரங்க் கால் போட்டாள். தின்றது போக மிஞ்சிய தீவனம் அடியில் அழுகி நஞ்சாகியிருக்கிறது, முதலில் அதைக் குழாய் வைத்து உறிஞ்சி எடு, இரண்டு நாள் பட்டினி போடு, தினம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்று, ஒரேயடியாக மாற்றினால் அதிர்ச்சியிலேயே செத்துவிடும் என்றார் அவர். அத்தை அப்படியே செய்தாள். ஆறும் பிழைத்தன. அன்றிலிருந்து தீவன டப்பா அப்பாவுக்கு எட்டாத அலமாரிக்குப் போனது. குழாய்த் தண்ணீரையும், மருந்து வாடை போக, டிரம்மில் பிடித்து இரண்டு நாள் திறந்து வைத்த பிறகுதான் தொட்டியில் ஊற்றுவாள்.

அடுத்த வருஷம் ஒரு சனிக்கிழமை தெருக்கோடியில் பெரிய குழாய் உடைந்து, நாள் முழுக்கத் தண்ணீர் வரவில்லை. வேறு வழியில்லாமல் அம்மா அந்த டிரம் தண்ணீரைத்தான் சமையலுக்கும் குளியலுக்கும் எடுத்தாள். ஞாயிறு காலை தண்ணீர் வந்தது. அன்று தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும் நாள். டிரம் காலி. ஒரு நாளைக்கு என்ன ஆகிவிடும் என்று அத்தை குழாயிலிருந்து நேரே வாளியில் பிடித்து ஊற்றினாள். ஜலதோஷம் என்பதால் அவளுக்கு வாசனையும் தெரியவில்லை.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கேஷுவாலிட்டி கண்ணாடியில் போய் முட்டியது. மற்றவை மேலே வந்து மூச்சுக்குத் தவித்தன. செவுள்கள் சிவந்திருந்தன. அம்மா கிட்டே வந்து முகர்ந்து பார்த்து, "அண்ணி, மருந்து வாடை தூக்கலா அடிக்குது" என்றாள்.

அத்தை போனை எடுத்தாள். தண்ணீர் நிலையத்தின் நம்பர் அவளுக்குத் தெரியாதா என்ன. டியூட்டியில் இருந்தவர், குழாய் உடைந்ததால் மூன்று நாளைக்கு குளோரின் இரண்டு பங்கு போடுகிறோம், தண்ணீரை ஒரு நாள் வெயிலில் வைத்தால் சரியாகிவிடும் என்றார்.

"எனக்கு ஒரு நாள் இல்லை, சார். பத்து நிமிஷம்தான் இருக்கு" என்றாள் அத்தை. ஆஸ்பத்திரியில் பேசும் அதே குரல்.

எதிர்முனையில் அவர் யோசித்துவிட்டு, போட்டோ ஸ்டூடியோவில் ஹைப்போ என்று ஒரு உப்பு இருக்கும், படம் கழுவப் பயன்படுத்துவார்கள், அது குளோரினை உடனே முறித்துவிடும் என்றார். ஒரு வாளிக்கு நாலைந்து படிகம் போதும்.

கடைத்தெரு ஸ்டூடியோவின் நம்பரும் மனப்பாடம்தான். ஆஸ்பத்திரி டாக்டர்கள் எடுக்கும் படங்களையெல்லாம் அங்கேதான் கழுவக் கொடுப்பார்கள். பத்து வருஷமாக அந்த ஸ்டூடியோக்காரருக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறாள், ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் மனைவியை இழந்தவர், மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு கடை மாடியிலேயே தனியாக இருந்தார். அத்தை விஷயத்தைச் சொல்லி, யாரையாவது அனுப்புகிறேன் என்று முடிப்பதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.

அதற்குள் அப்பா சொம்பு சொம்பாகத் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார், காற்று கலக்கட்டும் என்று. அவர் சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. எக்ஸ்ரே பக்கவாட்டில் சாய்ந்தது. அத்தை அதைக் கையில் தாங்கிப் பிடித்து, காற்றுக் குழாயின் பக்கம் காட்டிக்கொண்டே நின்றாள். "என் கையாலயே ஊத்தினேனே" என்றாள். அவள் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஸ்டூடியோக்காரர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஒரு காலில் ரப்பர் செருப்பு, ஒரு காலில் தோல் செருப்பு. சட்டைப் பையில் கறுப்பு பிலிம் டப்பா. அவசரத்தில் முதலில் தட்டில் கரைத்து வைத்திருந்த கரைசலையே பாட்டிலில் ஊற்றினாராம். அப்புறம்தான் அதில் அமிலமும் படம் கழுவிய வெள்ளியும் இருக்குமே, அது மீனைக் கொன்றுவிடுமே என்று உறைத்து, புது பொட்டலத்தைப் பிரித்து டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தார். படிகங்களை ஒரு டம்ளரில் கரைத்து, அத்தை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.

எக்ஸ்ரே பிழைக்கவில்லை. இன்னொரு சின்ன மீனும் போய்விட்டது. மற்ற நான்கும் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, துடுப்பை ஆட்டத் தொடங்கின. அதுவரை யாரும் உட்காரவில்லை.

அம்மா டீ கொடுத்தபோதுதான் அவர் அத்தையை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷமாகக் குரலை மட்டும் கேட்டு, ஒல்லியாக, குட்டையாக யாரையோ கற்பனை செய்து வைத்திருந்தாராம். அத்தையோ கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம், அதற்கேற்ற உடம்பு. "குரலை வச்சு ஆளை எடை போடக்கூடாதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். அத்தை சிரித்தாள். டீ ஆறிப்போகும் வரை சிரித்தாள்.

மூன்று நாளில் தண்ணீர் பழையபடி ஆகிவிட்டது. ஆனால் அடுத்த ஞாயிறும் அவர் ஒரு பிலிம் டப்பாவில் ஹைப்போவோடு வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். அலமாரியில் டப்பாக்கள் வரிசை கட்டின. ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கே போட்டாலும் மிச்சம் இருக்கும் என்றார் அப்பா. மீனுக்கு மட்டும் இவ்வளவு தேவைப்படாது என்று அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள். பழைய சாட்டின் துணி விரித்த எங்கள் முன்னறை சோபாவில் அவர் எப்போதும் தொட்டி தெரிகிற பக்கமாக உட்காருவார். அத்தை வாரத்தில் நடந்ததையெல்லாம் சொல்லுவாள். ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் என்றால் இன்றும் எனக்கு அந்த மோட்டார் சத்தமும் அவர்கள் இருவரின் தணிந்த பேச்சும்தான்.

ஒரு வருஷம் கழித்து அவர் கேட்டார், சுற்றி வளைக்காமல். அத்தை தொட்டியைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு எதையும் ஒரேயடியா மாத்தினா தாங்காது. கொஞ்சம் கொஞ்சமா மாத்துவோம்" என்றாள். "சரி. எனக்கென்ன அவசரம்?" என்றார் அவர். அப்படியே இன்னொரு வருஷம் போயிற்று. முதலில் அவள் ஸ்டூடியோ மாடிக்கு ஒரு டீக்குப் போனாள். பிறகு ஒரு நாற்காலி போயிற்று, பிறகு அவளுடைய புத்தகங்கள். கடைசியில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள்; ஸ்டூடியோக்காரர் எனக்கு மாமா ஆனார். தொட்டியை ஸ்டூடியோ மாடிக்கு மாற்றியபோது பழைய தண்ணீரில் பாதியை வாளிகளில் நிரப்பி, தெரு முழுக்கச் சிந்தாமல் நாங்கள் எல்லோரும் தூக்கிக்கொண்டு போனோம். ஊர்வலத்துக்கு மேளம்தான் குறைச்சல் என்றார் அப்பா.

லேபர் ரூம்தான் கடைசி வரை இருந்தது. அதன் உடம்பு வெளுத்து, கண் மங்கி, அத்தை பணி ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் காலையில் அடியில் சாய்ந்து கிடந்தது. தண்ணீரில் ஒரு குறையும் இல்லை, வயசாகிவிட்டது, அவ்வளவுதான். வேறு மீன் வாங்கலாமா என்று மாமா கேட்டார். வேண்டாம் என்றாள்.

அப்போதுதான் இருவருக்கும் உறைத்ததாம், இத்தனை வருஷத்தில் சேர்ந்து ஒரு ஊருக்குப் போனதே இல்லை என்று. யாராவது ஒருவர் மீனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. அந்த மாதமே கிளம்பி மாமாவின் மகள் வீட்டுக்குப் போனார்கள். அது கடலோர ஊர். அத்தை அதுவரை கடலைப் பார்த்ததில்லை. மாமா அவள் கையைப் பிடித்து அலை தொடும் இடம் வரை கூட்டிப்போனார். அலை காலை நனைத்ததும் அவள் அவரிடம் திரும்பி மெதுவாகக் கேட்டாளாம்:

"ஏங்க, இவ்வளவு தண்ணியையும் யாரு பாத்துக்கிறாங்க?"