வலக்கை மறைத்த முகம்

ஏவன்டேலில் இருக்கும் எங்கள் டெய்ரியில் (இங்கே மூலைக்கடைக்கு அதுதான் பேர்) ஒரு மாண்டரின் மொழிப் படம் எடுக்க இடம் கேட்டபோது, ஓம் என்றது என் மனைவி. கடைக்காரனாக நடிக்கவும் ஆள் வேண்டுமென்றபோது மாட்டிக்கொண்டது நான்.

இயக்குநர் எங்களிடம் பால் வாங்க வரும் பெண்தான். அவளுக்கு அது முதல் படம். ஒருவரையொருவர் அறியாத நாலு பேர் ஒரு கடையில் வந்து முட்டிக்கொள்ளும் கதை. பாதி சிரிப்பு, பாதி அழுகை. மனைவியை இழந்த கிழவராக நடித்தவர் அவளுடைய சொந்த அப்பா. நிஜத்திலும் மனைவியை இழந்தவர்தான். விசா முடிந்து, விடிந்தால் சீனாவுக்கு விமானம் ஏறவேண்டும். அன்று மாலைக்குள் இந்தக் காட்சி கிடைக்காவிட்டால் படம் அந்தரத்தில் நின்றுவிடும்.

என் வேலை அவரிடம் வெட்டிய பாண் பொதி ஒன்றை நீட்டுவது. வசனம்கூடக் கிடையாது. ஆனால் வலக்கையை நீட்டினால் என் கை அவர் முகத்தை மறைத்தது. கடை ஒடுக்கம், கமராவை நகர்த்த இடமில்லை.

"அங்கிள், இடக்கையால் கொடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

இடக்கையால்! அதுவும் வயதுபோன மனிதருக்கு, சாப்பாட்டை! தலை சரி என்று ஆடியது, கை கேட்கவில்லை. முதல் தடவை வலக்கைதான் போனது. அடுத்த தடவை இடக்கை பாதி வழி போனதும் வலக்கை வந்து பொதியைப் பிடுங்கிக்கொண்டது. அதற்கடுத்து ஒருமாதிரி இடக்கையால் நீட்டிவிட்டு, "சொறி" என்று சொல்லித் தொலைத்தேன். குளிர்காலம், வெளியே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நகத்தைக் கடித்துக்கொண்டு வாசலையே பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பாருங்கோ. ஒருக்கா குடுத்தா கை அழுகியே போகும்?" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியும், நீர் சும்மா இரும்!"

வெட்கத்தில் வந்த கோபம் அது. ஒரு பாணால் ஒரு பிள்ளையின் படத்தையே கெடுக்கிறேனே என்றிருந்தது.

இன்னும் ஒரு தடவைக்குத்தான் வெளிச்சம் இருக்கிறது என்றார் கமராக்காரர். வலக்கையைப் பொக்கற்றுக்குள் திணித்துக்கொண்டு இடக்கையால் பாணை எடுத்தேன். பொக்கற்றுக்குள் கிடந்த கையைக் கிழவர் பார்த்தார். பார்த்தவர், நிற்கச் சொன்ன இடத்தை விட்டு நடந்து என் மற்றப் பக்கத்துக்கு வந்தார். மகள் சீன மொழியில் ஏதோ கத்தினாள். அவர் திரும்பவே இல்லை. என் வலக்கைக்கு நேரே, வெளிச்சத்தில் முகம் தெரிய நின்று காத்திருந்தார்.

கை தானாக வெளியே வந்தது. பாணை மாற்றி நீட்டினேன். இரண்டு கைகளாலும் வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். பிறகு விம்மி விம்மி அழத் தொடங்கினார். கதையில் அந்த அழுகை இல்லை. கமராக்காரர் எப்படியோ உடம்பை வளைத்து கமராவை அவர் பக்கம் திருப்பியிருந்தார். படம் தப்பியது.

நிறுத்து என்று அவள் சொல்லவேண்டும். சொல்லவில்லை. அம்மாவின் செத்தவீட்டில்கூட அப்பா அழவில்லை என்று பிறகு என் மனைவியிடம் சொன்னாளாம். அந்தக் கணம் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கமராவுக்கு முன்னால் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். படத்தில் தான் ஓடிவந்ததை வெட்டிவிட்டாள். கடைக்குள் நின்ற ஐந்தாறு பேர்தான் பார்த்தோம்.