மாங்கூழ் கம்பெனியில் ஒரு எஸ்.இ.ஓ.

என்னை வேலைக்கு எடுத்த மேனேஜர், நான் போய்ச் சேர்வதற்கு முந்தின வாரமே அந்தக் கம்பெனியை விட்டுப் போயிருந்தார். இது எனக்கு வாசலில் வைத்துத்தான் தெரிந்தது. கிருஷ்ணகிரியை ஒட்டி, ஹைவேயிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற மாங்கூழ் கம்பெனி அது. செக்யூரிட்டி நான் சொன்ன பெயரைக் கேட்டுவிட்டு, அவர் இப்போது இல்லை என்றார். மீட்டிங்கில் இருக்கிறார்போல என்று நினைத்து, காத்திருக்கிறேன் என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மேனேஜர் வேலையை விட்டே போய்விட்டதைச் சொல்லி, நாற்காலி எடுத்துப் போட்டார்.

அதற்கு முன்பு பெங்களூரில் ஒரு ஏஜென்சியில் இருந்தேன். எஸ்.இ.ஓ. வேலை. இணையத்தில் யாராவது ஒரு பொருளைத் தேடினால், எங்களை அமர்த்திய கம்பெனியின் பக்கம் மேலே வருமாறு செய்ய வேண்டும். பல் டாக்டர், லிப்ட் கம்பெனி, கல்யாண மண்டபம் என்று ஒரே நாளில் எல்லோருக்கும் எழுதுவோம். அவர்களில் ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. ஓசூரில் எங்கள் தெருவில் பாதிப்பேர் காலையில் அத்திப்பள்ளி எல்லை தாண்டி வடக்கே பெங்களூருக்குப் போகிறவர்கள். நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். அந்த நெரிசலில் சலித்துப்போய், ஒரே கம்பெனிக்குள் உட்கார்ந்து அதற்கு மட்டும் பார்க்கிற வேலை என்றதும் தெற்கே பஸ் ஏறிவிட்டேன்.

மதியம்போல முதலாளி கூப்பிட்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிற மனிதர். தமிழை நிதானமாகப் பேசுவார். தன் போனில் கம்பெனியின் பெயரைத் தட்டி என்னிடம் நீட்டினார்.

"பாரும்மா. நம்ம பேரப் போட்டா நாமதான் முதல்ல வரோம். இதுக்கு மேல நீ என்ன பண்ணுவ?"

நம் பெயர் தெரிந்தவர்கள் எப்படியும் வந்துவிடுவார்கள், பெயரே தெரியாமல் மாங்கூழ் வேண்டும் என்று தேடுகிறவர்களும் நம்மிடம் வர வேண்டும் என்று விளக்கினேன். நன்றாகத் தலையாட்டினார். "சரி, பண்ணு" என்றார். யாருக்கு, எதை, எப்போதைக்குள் என்று எதுவும் சொல்லவில்லை. கேட்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது.

ஆபீஸில் இடமில்லாததால் லேபில் ஒரு மூலையில் மேசை போட்டார்கள். கூழின் இனிப்பைச் சோதிக்கும் பெண்கள் வெள்ளைக் கோட்டோடு நடமாட, நான் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஏஜென்சியில் காலையில் வந்ததும் அன்றைய வேலை திரையில் வரிசையாக நிற்கும். இங்கே எதுவுமே வரவில்லை. வந்ததெல்லாம் வேறு மாதிரி வந்தது. பிரிண்டர் சிக்கிக்கொண்டால் என்னைக் கூப்பிட்டார்கள். ஊழியர் ஒருவரின் பெண்ணுக்குக் காதுகுத்து அழைப்பிதழ் செய்து கொடுத்தேன். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருக்கிற பெண் என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கே அதைவிட அதிகமாகத் தெரியவில்லை. நான் போனதும் சீசன் தொடங்கிவிட்டது. வாசலில் டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்க ஆரம்பித்தன. எல்லோரும் ஓடிக்கொண்டிருக்க, நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

எதையாவது செய்ய வேண்டுமே என்று, எங்கள் பக்கத்துக்கு யார் யார் என்ன தேடி வருகிறார்கள் என்று பார்த்தேன். அதிலும் குழப்பம்தான். ஒரே பழத்தை இங்கே பெங்களூரா என்கிறோம், சிலர் கிளிமூக்கு என்கிறார்கள், வெளிநாட்டுக்காரர்கள் தோத்தாபுரி என்பதை விதவிதமான எழுத்தில் போட்டுத் தேடுகிறார்கள். தமிழில் தேடுகிறவர்கள் நிறையப் பேர் இருந்தும் அவர்களுக்கு இணையத்தில் உருப்படியாக ஒன்றுமில்லை. காலி இடம் கண்ணில் பட்டால் நிரப்பு என்பதுதான் ஏஜென்சியில் பழகியது. பெங்களூரா மாம்பழத்தைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதினேன். கூழுக்கு எந்தப் பக்குவத்தில் பழம் வேண்டும், அடிபட்டால் என்ன ஆகும் என்றெல்லாம் லேபில் கேட்டு எழுதி, கடைசியில் வழக்கமான வரியைப் போட்டேன்: உங்கள் தேவைக்கு இன்றே எங்களை அணுகுங்கள். பல் டாக்டருக்கும் லிப்டுக்கும் போட்ட அதே வரி.

கொஞ்ச நாளில் அந்தப் பக்கம் முதலிடத்துக்கு வந்துவிட்டது. திரையில் கோடு மேலே ஏறுவதைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதே வாரம் முன்னறையில் போன் எடுக்கிற அக்கா லேபுக்கு வந்து, நெட்டில் ஏதாவது மாற்றினாயா என்று கேட்டார். பழம் விற்க நினைக்கிற விவசாயிகளின் போன் ஓயவில்லையாம். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மாறி மாறிப் பேசி அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: இன்றைக்கு ரேட் என்ன? எங்கள் வீட்டில் உத்தனப்பள்ளிப் பக்கம் தக்காளி போடுகிறோம். என் அப்பா வாழ்க்கை முழுக்க விடியற்காலையில் யாருக்காவது போன் செய்து கேட்டதும் அந்தக் கேள்வியைத்தான். ஆனால் இந்தக் கம்பெனியில் போனில் ரேட் சொல்வதில்லை. நான் கொண்டுவந்தது கூட்டமா, தொந்தரவா என்று எனக்கே பிடிபடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் செக்யூரிட்டி ஆள் அனுப்பினார். பர்கூருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு விவசாயி டிராக்டர் நிறையப் பழத்தோடு வந்து நிற்கிறார், பழம் இறக்க முன்னாலேயே வாங்க வேண்டிய டோக்கன் இல்லை, நெட்டில் எழுதினவரைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று வந்தவர் சொன்னார். போனேன். என் அப்பா வயதிருக்கும். தோளில் துண்டு, கையில் போன். போனில் என் பக்கம்.

"நீதானாம்மா எழுதுனது?"

ஆமாங்க என்றேன்.

"பையன் படிச்சுக் காமிச்சான். இன்னைக்கே வாங்கன்னு போட்டிருக்குது. அதான் நேத்தே பறிச்சிட்டேன். இங்க வந்தா டோக்கன்ங்கறாங்க. நான் என்னா பண்றது?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. அந்த வரி யாரையும் வரச் சொல்வதற்காக எழுதப்பட்டது அல்ல, அது எல்லாப் பக்கத்திலும் இருக்கும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கொள்முதல் பிரிவுக்கு ஓடினேன். டோக்கன் வாங்கினவர்களே வெயிலில் நிற்கிறார்கள், இவரை எப்படி நடுவில் விடுவது என்றார்கள். அதுவும் நியாயமாகவே இருந்தது. கடைசியில் நேராக முதலாளி அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

அவர் பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு போனை எடுத்து, வரிசை முடிந்ததும் அந்த டிராக்டரையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். சாயங்காலம்தான் அது உள்ளே போனது. அதுவரை அந்த மனிதர் டிராக்டர் நிழலில் உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு தடவை டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டாவது தடவை, எந்த ஊர்ப் பெண் என்று விசாரித்தார். தக்காளி விலையைப் பற்றிக் கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தோம்.

அவர் போனபின் முதலாளி கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துவிட்டு, பழம் கொண்டுவர முதலில் டோக்கன் வாங்க வேண்டும் என்று போடச் சொன்னார். நான் வேலைக்குச் சேர்ந்தபிறகு இன்னதைச் செய் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"சார், நம்மள யாரு தேடி வரணும்னு நீங்க நெனைக்கிறீங்க?"

அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"எனக்கும் அதுதாம்மா தெரியல. அதச் சொல்றதுக்குத்தான் உன்ன எடுத்தாங்கன்னு நெனச்சேன்."

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம்.

மறுநாளிலிருந்து அவரே உட்கார்ந்து பழைய வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டுக் கொடுக்க, நம்மை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நான் கேட்டேன். பெரும்பாலும் ஏஜென்ட் மூலமாக என்றார்கள். இணையத்தில் தேடியதாக ஒருவரும் சொல்லவில்லை. அப்படியானால் உன் வேலை எதற்கு என்று அவர் கேட்பார் என நினைத்தேன். அவர் அடுத்த நம்பரைப் போட்டார். சீசன் முடிந்து, டிரம்களில் போகிற கூழைப் பற்றி ஆங்கிலத்தில் பக்கங்கள் எழுதத் தொடங்கினேன். அவற்றைப் படித்தவர்கள் சொற்பம்.

போன மாதம் வெளிநாட்டிலிருந்து ஒரு மெயில் வந்தது. நான்கே வரி, சாம்பிள் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள். முதலாளி அதை எடுத்துக்கொண்டு லேபுக்கே வந்து, என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார்.

"இது நீ எழுதுனதப் பாத்து வந்ததாம்மா?"

எங்கிருந்தெல்லாமோ தேடிப் பார்த்தேன். உறுதியாகச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. "தெரியல சார்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, பதிலை என்னையே எழுதச் சொன்னார். லேப் பெண்கள் சாம்பிள் பாட்டில்களைக் கட்டிக் கொடுத்தார்கள். அனுப்பிவிட்டோம். இன்னும் பதில் வரவில்லை.