கூட்டத்துக்கு முன்பே எழுதிய தீர்மானம்

என் கையெழுத்து அழகாக இருக்கும். அந்த ஒரே காரணத்துக்காகத்தான், திண்டிவனத்தில் ஓர் அலுவலகத்தில் உதவியாளராக இருந்த என்னைத் துறைமுகக் குழுவின் கூட்டக் குறிப்பு எழுதப் பிடித்துப் போட்டார்கள். கிழக்கே கடலோரத்தில் இருக்கிற சிறிய மீன்பிடித் துறைமுகம் அது. இடம் மக்களுடையது, குழு அவர்கள் சார்பில் பார்த்துக்கொள்கிறது என்று விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. நானே அதைப் பலமுறை படியெடுத்திருக்கிறேன்.

ஆனால் எங்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. கூட்டம் வியாழக்கிழமை என்றால் தீர்மானத்தைப் புதன்கிழமையே எழுதி முடித்துவிடுவோம். குழுவை நடத்திய எங்கள் அலுவலக அதிகாரி சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதுவேன். ‘ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்பது வரைக்கும் எழுதிவிட்டு, கீழே பாதிப் பக்கத்தைக் காலியாக விடுவேன். மறுநாள் மேல் பாதியை, மை படாமல் இருக்கட்டும் என்ற சாக்கில், ஒரு காகிதத்தால் மூடி கிளிப் போட்டு வாசலில் வைப்பேன். வருகிறவர்கள் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். வந்ததற்கு அடையாளம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். எங்கள் கோப்பில் அதுவே சம்மதம். இதில் தப்பு இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவே இல்லை. வேலை சுளுவாக முடிகிறதே என்று சந்தோஷம்தான் பட்டேன்.

அன்றைய தீர்மானம் கருவாட்டுத் தளம் பற்றியது. துறைமுகத்தின் வடக்கு ஓரத்தில் பெண்கள் மீன் காயவைக்கும் சிமெண்ட் தளம் ஒன்று இருந்தது. அதை ஓர் ஐஸ் கம்பெனிக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடுவதாக எழுதியிருந்தேன். அந்தப் பெண்கள் சார்பில் குழுவில் ஒரே ஓர் அம்மாள்தான் உறுப்பினர். என் வயதுதான் இருக்கும். எழுத்துக் கூட்டித் தன் பெயரை மட்டும் எழுதக் கற்றிருந்தார். வாசலில் குனிந்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

கூட்டத்தில் அந்தப் பேச்சு வந்ததும் எழுந்து நின்றார்.

“அந்தத் தளத்த நம்பிக்கினு நாப்பது பொம்பளைங்க இருக்கோம் சார். அத குடுத்துட்டா மீன எங்க காய வைக்கிறது, ரோட்டுலயா? எங்க யாருக்கும் இதுல சம்மதம் இல்ல.”

“பாக்கலாம்மா, உக்காருங்க” என்றார் அதிகாரி. டீயும் பஜ்ஜியும் வந்தன. கூட்டம் முடிந்தது.

நான் நோட்டும் கையுமாக திண்டிவனம் பஸ்ஸுக்கு நின்றபோது அந்த அம்மாள் பின்னாலேயே வந்தார்.

“நான் சொன்னத எழுதிக்கினீங்களா சார்?”

“எழுதிட்டேம்மா.”

முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லத் தைரியம் வரவில்லை. போய் ஒரு வரி சேர்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நோட்டில் அந்தப் பக்கத்தில் இடமில்லை, கையெழுத்துகள் அடைத்துக்கொண்டிருந்தன. அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு என்று எனக்கு ஒரு பேர் இருந்தது. இண்டு இடுக்கில் எழுதி அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. இதைச் சொல்ல இன்று கேவலமாக இருக்கிறது.

தளத்தைச் சுற்றி வேலி வந்தது. சில மாதம் கழித்து அவர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்கிய தீர்மான நகல் கையில் இருந்தது. யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். சத்தம் போடுவார் என்று பயந்தேன். போடவில்லை.

“இதுல நான் பேசனது இல்லவே இல்ல சார். ஒத்துக்கினதா போட்டிருக்கு. கையெழுத்து போட்டு எடத்த வித்துட்டேன்னு எங்க பொம்பளைங்க சொல்றாங்க. ஒருத்தியும் எங்கூட பேசறதில்ல. குத்தகைய எதுத்து விழுப்புரத்துல அப்பீல் போட்டிருக்கேன். அன்னைக்கி எழுந்து நின்னு பேசனேன்னு நீங்க ஒரு வார்த்த எழுதிக் குடுத்தா போதும்.”

பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றுவிட்டது. நான் ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது.

“எனக்கு ஞாபகம் இல்லம்மா” என்றேன்.

 அவர் நகலைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை என் முன்னால் நகர்த்தினார்.

“சரி சார். ஞாபகம் இல்லன்னாவது எழுதிக் குடுங்க. ஒத்துக்கினேன்னு மட்டும் சொல்லாதீங்க.”

அதையும் நான் எழுதவில்லை. ஒரு கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு, படிக்கிறவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

ஓய்வூதியம் ஒரு குறையும் இல்லாமல் வந்துகொண்டிருக்கிறது. இனி என்னை யாரும் எதுவும் செய்ய முடியாது என்பதால் இப்போது எழுதுகிறேன்: அவர் எழுந்து நின்றார். சம்மதம் இல்லை என்று சொன்னார். நான் கேட்டேன். அப்பீல் தள்ளுபடியாகி நாளாகிவிட்டது. அந்தப் பெண்கள் அவரோடு பேசுகிறார்களா என்று கேட்கக்கூட எனக்கு முகமில்லை.